18 கொண்டை ஊசி வளைவும் ஒரே ஒரு முதுகு ஊசியும்

"முதுகுல ஊசி குத்தி தண்ணி எடுக்கணும்"னு டாக்டர் சொன்னதும் நம்ம ஆளுங்க வாயில இருந்து வர்ற முதல் வார்த்தை "வேணாம்". ரெண்டாவது, "அதான் ஸ்கேன் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு?". மூணாவதா பக்கத்து பெட்டுக்காரரோட சொந்தம் ஒருத்தர், யாரும் கேக்காமலே, "எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் எடுத்தாங்க, அதோட படுத்தவரு எந்திரிக்கவே இல்ல"ன்னு ஒரு கதையை அவுத்து விடுவாரு. அவ்ளோதான், முடிஞ்சது சோலி. 'பரிசோதனைக்குச் சம்மதமில்லை'ங்கிற இடத்துல கையெழுத்து விழுந்துடும்.

இந்தப் பதிவு அந்தக் கையெழுத்துக்கு எதிரா. ஊர்ல படிக்காத சனம்தான் இப்படின்னு நெனைக்காதீங்க. பொட்டி தட்டுற நம்ம கோஷ்டியில, ரெண்டு டிகிரி வாங்கி அமெரிக்கா போய்ட்டு வந்தவங்ககூட இதே பாட்டைத்தான் பாடுறாங்க. என்ன, கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பாடுறாங்க :-)

எங்க ஊர் சிறுமலை. திண்டுக்கல்ல இருந்து மேல ஏறணும்னா 18 கொண்டை ஊசி வளைவு. மலைவாழைத் தாரும் பலாப்பழமும் ஏத்தின வேன்ல, தார் மேலயே உக்காந்து, ராத்திரி நேரத்துல பாட்டுப் பாடிக்கிட்டு இறங்குற சனம் நாங்க. 18 கொண்டை ஊசிக்குப் பயப்படாதவங்க ஒரே ஒரு ஊசிக்கு இந்த நடுங்கு நடுங்குறாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு காண்டு. இன்னைக்கு ஆணி கம்மி, அதனால இறக்கி வச்சுடுறேன்.

முதல்ல அந்தத் தண்ணி என்னன்னு பாத்துடலாம். மூளையும் தண்டுவடமும் எலும்புப் பெட்டிக்குள்ள மிதந்துக்கிட்டு இருக்கு. மிதக்குற அந்தத் தண்ணி பெரியவங்களுக்கு மொத்தமே 150 மில்லி சொச்சம். ஆனா அது ஊறிக்கிட்டே இருக்குற தண்ணி. ஒரு நாளைக்கு அரை லிட்டர் உற்பத்தி ஆகுது, அதாவது மணிக்கு 20 மில்லி. டெஸ்டுக்கு 10 மில்லி எடுத்தாங்கன்னா அரை மணி நேரத்துல உடம்பு அதைத் திருப்பி ஊற வச்சுடும். "மூளைத் தண்ணிய உறிஞ்சிட்டாங்க, அதான் ஆளு மந்தமாயிட்டாரு"ன்னு சொல்ற பெரிசுங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்க. கெணத்துல ஒரு வாளி எறைச்சா கெணறு வத்திடுமா?

அடுத்தது, தண்டுவடத்துல குத்தி காலு விழுந்துடும்ங்கிற பயம். உங்க ரெண்டு கையையும் இடுப்பெலும்போட மேல் விளிம்புல வச்சு, கட்டை விரலை முதுகுப் பக்கம் நேரா நீட்டுங்க. ரெண்டும் சந்திக்கிற இடம் ஏறக்குறைய நாலாவது இடுப்பு முள்ளெலும்பு. ஊசி போறது அதுக்கு ஒட்டி மேலயோ கீழயோ இருக்குற இடுக்குல. பெரியவங்களுக்குத் தண்டுவடம் முதல் இல்ல ரெண்டாவது இடுப்பெலும்பு கிட்டயே முடிஞ்சு போச்சு. அதுக்குக் கீழ இருக்குறது தண்ணியில மிதக்குற நரம்பு இழைங்க மட்டும்தான். குதிரை வால் மாதிரி இருக்கும்னு அதுக்குப் பேரே அப்படித்தான் வச்சிருக்காங்க. தண்ணி நிறைய ஊத்தின பாத்திரத்துல நூல் நூலா மிதக்குற சேமியாவை ஊசியால குத்திப் பாருங்க, வழுக்கிக்கிட்டு அங்கிட்டு இங்கிட்டு நகரும். எப்பயாவது ஒரு இழையில பட்டா கால்ல சுருக்குன்னு மின்சாரம் மாதிரி இழுக்கும், ஊசியை நகர்த்தினா போயிடும்.

இன்னும் நம்பிக்கை வரலையா? உங்க வீட்ல யாருக்காவது சிசேரியன் ஆயிருக்கா? தமிழ்நாட்டுல நடக்குற பிரசவத்துல 44.9 சதவீதம் சிசேரியன்னு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுது. பெரும்பாலும் அதுக்கு மயக்க ஊசி போடுறது எங்கன்னு நெனைக்கிறீங்க? அதே முதுகு, அதே இடுக்கு, அதே தண்ணி. என்ன, அங்க மருந்தை உள்ள விடுறாங்க, இங்க தண்ணிய வெளிய எடுக்குறாங்க. அங்க வெளிய நின்னுக்கிட்டு "பையனா பொண்ணா"ன்னு கேக்குற நம்ம மாமாக்கள்தான், நரம்பு வார்டுல வந்து நின்னுக்கிட்டு "முதுகுல கை வச்சா அவ்ளோதான்"னு தீர்ப்பு சொல்றாங்க. "அந்த ஊசி போட்டதுல இருந்துதான் இடுப்பு வலி"ன்னு சொல்ற அக்காக்கள் உண்டு. மறுக்கலை. பத்து மாசம் வயித்துல சுமந்து, அப்புறம் இடுப்புல சுமந்து, குனிஞ்சு நிமிந்து பாத்திரம் தேய்ச்சதையும் அந்தக் கணக்குல சேத்துக்கணும்ல?

ஆபத்தே இல்லைன்னு கதை விட நான் வரலை. தலைவலி நெசம். குத்தின ஓட்டை வழியா தண்ணி கசிஞ்சா, எந்திரிச்சு உக்காந்ததும் மண்டை பிளக்கும், படுத்தா அடங்கும். 1891-ல ஜெர்மனி கீல் நகரத்துல ஹைன்ரிக் குவின்க்கெ இந்த முறையைக் கொண்டு வந்தாரு. 1898-ல அதே ஊர்ல ஆகஸ்ட் பியர்ங்கிறவரு தன் முதுகுலயே குத்திக்கிட்டு சோதனை பண்ணி, பல நாள் தலையைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக் கிடந்தாரு. இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க மறைக்கிற ரகசியம் இல்ல, எல்லாம் பதிவாகியிருக்கு. கூர்மையா வெட்டிக்கிட்டுப் போற பழைய ஊசிக்குப் பதிலா, பென்சில் முனை மாதிரி திசுவை விலக்கிக்கிட்டுப் போற ஊசி வந்து பல வருசம் ஆச்சு. 110 ஆய்வுகள்ல 31,412 பேரை வச்சு 2018-ல லான்செட் இதழ்ல ஒரு அலசல் வந்துச்சு. பழைய ஊசியில தலைவலி 11 சதவீதம், புது ஊசியில 4.2 சதவீதம். சண்டை போடணும்னா "ஊசி வேணாம்"னு போடாதீங்க, "எந்த ஊசி?"ன்னு போடுங்க.

அப்ப அந்தப் 'படுத்தவரு எந்திரிக்கல' கதை? அவரு எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாருன்னு கதை சொல்றவரு சொல்லவே மாட்டாரு. மூளைக் காய்ச்சல் முத்திப் போய் வந்தவரு, கால் விழுந்து வந்தவரு... வியாதி தன் வேலையைப் பார்த்திருக்கும். கடைசியா நடந்தது ஊசிங்கிறதால பழி ஊசி மேல. ப்ரொடக்‌ஷன்ல சர்வர் படுத்தா, கடைசியா யாரு கோடு மாத்தினானோ அவன் தலையில கட்டுற அதே புத்தி. நம்ம எல்லாரும் ஒரு தடவையாவது அப்படி மாட்டியிருப்போம்ல?

இப்ப முக்கியமான விசயம். "எம்.ஆர்.ஐ எடுத்தாச்சே" கோஷ்டி.

எம்.ஆர்.ஐ-ங்கிறது ஸ்க்ரீன்ஷாட். அருமையான ஸ்க்ரீன்ஷாட், ஒத்துக்கிறேன். எங்க வீங்கியிருக்கு, எத்தனை வெள்ளைத் திட்டு, எவ்ளோ நீளம்னு பளிச்சுன்னு காட்டும். ஆனா ஏன்னு பல நேரம் சொல்லாது. 'ஸ்க்ரீன் வெள்ளையா வருது, சரி பண்ணிக் குடு'ன்னு ஒரு படத்தை மட்டும் மெயில்ல அனுப்புற கிளையன்ட் மேல நமக்கு எவ்ளோ கடுப்பு வரும்? "லாக் ஃபைல் அனுப்புங்க சார்"னுதானே கேப்போம்? முதுகுத் தண்ணிதான் அந்த லாக் ஃபைல். உள்ள என்ன நடக்குதுன்னு வரி வரியா எழுதி வச்சிருக்கும். எத்தனை செல், என்ன செல், புரோட்டீன் எவ்ளோ, சர்க்கரை எவ்ளோ, எந்தக் கிருமியோட மரபணு, எந்த எதிர்ப்புப் புரதம். படத்துல ஒரே மாதிரி இருக்குற ரெண்டு வியாதி தண்ணியில வேற வேற ஆளா வந்து நிக்கும்.

எங்க அத்தை கதையைச் சொன்னாத்தான் இது புரியும். சிறுமலையில எலுமிச்சைத் தோட்டம். 2022-ல ஒரு நாள் காலையில ரெண்டு காலும் மரத்துப் போய், சாயங்காலம் நடக்க முடியலை. ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, பேரு வேணாம். எம்.ஆர்.ஐ-ல தண்டுவடத்துல நீளமா வீக்கம். தண்ணி எடுக்கணும்னு சொன்னாங்க. எங்க மாமா ஒரேடியா மறுத்துட்டாரு. நான் போன்ல ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். "மாப்ள, நீ கம்ப்யூட்டர்ல பாத்துட்டுப் பேசுற. இவ முதுகு எனக்குத்தான் தெரியும்"னு வச்சுட்டாரு.

எனக்கு மாமா மேல கோவம் கம்மி. அந்த ஆஸ்பத்திரி மேலதான் அதிகம். மறுத்ததும் அவங்க என்ன பண்ணிருக்கணும்? உக்கார வச்சு, எதுக்கு எடுக்குறோம், எடுக்கலைன்னா என்ன தெரியாமப் போகும்னு தமிழ்ல சொல்லிருக்கணும். அவங்க இங்கிலீஷ்ல ஒரு பேப்பரை நீட்டி, "அப்ப இதுல சைன் பண்ணுங்க"ன்னாங்க. அப்புறம், நம்ம நாட்டுல எதுன்னு தெரியலைன்னா டி.பி-ன்னு நெனைக்கிற வழக்கப்படி, டி.பி மாத்திரை ஆரம்பிச்சாங்க. கூடவே வீக்கம் வடிய ஸ்டீராய்டு.

இங்கதான் பொறி. மூணே வாரத்துல அத்தை எந்திரிச்சு நடந்தாங்க. "பாத்தியா, தண்ணி எடுக்காமலே சரியாயிருச்சு"ன்னு மாமா எனக்குப் போன் போட்டு வெற்றி விழா கொண்டாடினாரு. ஸ்டீராய்டைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. அஞ்சாவது மாசம் வலது கண்ணு மங்க ஆரம்பிச்சது. டி.பி மருந்துல எத்தாம்பூட்டால்னு ஒண்ணு இருக்கு, அது பார்வை நரம்பைக் கெடுக்கும், அது உண்மைதான். உடனே பழி அதுமேல விழுந்து அந்த மாத்திரையை நிறுத்தினாங்க. கண்ணு தெளியலை. மறுபடியும் கால் மரத்துச்சு.

அடுத்துப் பார்த்த நரம்பு டாக்டர் ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க. "இதுக்கு முன்னாடி எப்பவாவது நாள் கணக்கா விக்கலும் வாந்தியும் நிக்காம இருந்துச்சா?" வீடே திகைச்சுப் போச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பத்து நாள் விக்கல், வாந்தி. கேஸ் டிரபுள்னு ஊர்ல இஞ்சிச் சாறும் ஊசியுமா சமாளிச்சது. மூளைத்தண்டுல ஒரு குறிப்பிட்ட இடம் வீங்கினா அப்படித்தான் வருமாம். இந்தத் தடவை மாமா வாயைத் திறக்கலை. தண்ணி எடுக்க ஆன நேரம் கால் மணி கூட இல்ல. சர்க்கரை அளவு சாதாரணம், டி.பி-க்கான தடயம் எதுவும் இல்ல, எம்.எஸ்-ல வர்ற புரதக் கோடுகளும் இல்ல. ரத்தத்துல அக்குவாபோரின்-4 எதிர்ப்புப் புரதம் பாஸிட்டிவ். வியாதி பேரு நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமா என்.எம்.ஓ. அத்தையைத் தூக்கி நிறுத்தினது டி.பி மாத்திரை இல்ல, கூடக் குடுத்த ஸ்டீராய்டு. இன்னைக்கு கம்பு ஊனி நடக்குறாங்க. கண்ணு பாதிதான் திரும்பி வந்துச்சு.

இந்த என்.எம்.ஓ-வோட வரலாறே நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு பாடம். 1894-லயே பிரான்ஸ்ல தெவிக் விவரமா எழுதிட்டாரு. ஆனாலும் நூறு வருசத்துக்கு மேல இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம்.எஸ்-ஓட ஒரு கிளைன்னுதான் பெரும்பாலும் வச்சிருந்தாங்க. ஆசியாக்காரங்களுக்குக் கண்ணும் தண்டுவடமும் சேர்ந்து அடிவாங்குற 'ஆசிய வகை எம்.எஸ்'னு வேற ஒரு பேரு. 2004-ல மேயோ கிளினிக்ல வான்டா லெனன் குழு ரத்தத்துல அந்த எதிர்ப்புப் புரதத்தைக் கண்டுபிடிச்சதும்தான் ரெண்டும் வேற வேற வியாதின்னு தெளிவாச்சு. வேற வியாதின்னா பேரு மட்டும் வேற இல்லீங்க. எம்.எஸ்-க்குக் குடுக்குற இன்டர்பெரான், ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் எல்லாம் என்.எம்.ஓ-வை மோசமாக்கலாம். தப்பான பேரு வச்சா மருந்தே எதிரி.

தண்ணி இதைப் பிரிக்கிறது எப்படின்னா, ரத்தத்தையும் தண்ணியையும் ஒரே நேரத்துல எடுத்து, ரெண்டுலயும் இருக்குற எதிர்ப்புப் புரதங்களைப் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டுப் பாக்குறாங்க. ரத்தத்துல இல்லாத கோடுகள் தண்ணியில மட்டும் இருந்தா, மூளைக்குள்ளயே அது தயாராகுதுன்னு அர்த்தம். மேற்கு நாடுகள்ல எம்.எஸ் நோயாளிங்கள்ல 85 சதவீதத்துக்கு மேல இந்தக் கோடுகள் இருக்கும், என்.எம்.ஓ-ல 30 சதவீதத்துக்கும் கீழ. இந்தியாவுல எம்.எஸ்-லயே இது கம்மியாத்தான் தெரியுது, அதனால கோடு இல்லைன்னதும் எம்.எஸ் இல்லைன்னு முடிவு கட்டிடக் கூடாது. 2017-ல திருத்தின மெக்டொனால்டு விதிகள், ஸ்கேனோட சேர்த்து இந்தக் கோடுகளையும் சாட்சியா ஏத்துக்கிச்சு. ரெண்டாவது தாக்குதல் வர்ற வரைக்கும் காத்திருக்காம, முதல்லயே மருந்து ஆரம்பிக்க அது வழி விட்டுச்சு. மங்களூர்ல நிட்டே பல்கலைக்கழகத்துல டாக்டர் லேகா பண்டிட் குழு இந்த எதிர்ப்புப் புரத டெஸ்டுகள்ல பல வருசமா வேலை பாக்குறாங்க. நம்ம ஊர் வியாதிக்கு நம்ம பக்கத்து ஊர்லயே ஆளு இருக்கு. நாமதான் முதுகைக் காட்ட மாட்டேங்கிறோம்.

அத்தைக்குக் கடைசி விடை சொன்னது ரத்தம்தானே, தண்ணி எதுக்குன்னு ஒரு அனானி பின்னூட்டம் போடுவாரு, எனக்குத் தெரியும் ;-) சரியான கேள்விதான். என்.எம்.ஓ-வுக்கு ரத்தம்தான் சிறந்த டெஸ்ட். ஆனா ஒரு வருசமா நம்பிக்கிட்டிருந்த டி.பி-ங்கிற கட்டுக்கதையை உடைச்சது தண்ணி. மாத்திரையை நிறுத்துற தைரியத்தை டாக்டருக்குக் குடுத்ததும் அதுதான்.

டி.பி-ன்னு சொன்னதும் ஒண்ணு தெளிவாச் சொல்லிடணும். மூளை உறை டி.பி நம்ம நாட்டுல நெசமாவே இருக்கு, கொல்லவும் செய்யுது. வாரக்கணக்குல தலைவலி, லேசா காய்ச்சல், ஆளு குழம்பிப் பேசுறதுன்னு மெதுவா வரும். நோயாளி மோசமாயிட்டு இருந்தா ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காம மாத்திரை ஆரம்பிக்கிறதுதான் சரி. நான் எதிர்க்கிறது, தண்ணியே எடுக்காம ஆரம்பிக்கிறதை. இதே மாதிரி மெதுவா வர்ற இன்னொரு ஆளு கிரிப்டோகாக்கஸ்னு ஒரு பூஞ்சை. எச்.ஐ.வி இருக்குறவங்களுக்கு அதிகம் வரும். இதை மைக்ராஸ்கோப்ல பாக்க தண்ணியில கலக்குறது என்ன தெரியுமா? இந்தியா இங்க்! அந்தக் காலத்து இன்ஜினியருங்க ட்ராயிங் போட்ட அதே கறுப்பு மை. மை கறுப்புக்கு நடுவுல பூஞ்சை மட்டும் வெள்ளை வட்டமா மினுங்கும். அந்தப் பூஞ்சைக்கு டி.பி மாத்திரை வெறும் கலர் மிட்டாய். புற்றுநோய் மூளை உறையில பரவினாலும் இதே தலைவலி, இதே குழப்பம்தான். மூணையும் தலையைத் தட்டிப் பாத்துப் பிரிக்க முடியாது.

டி.பி-யை மரபணுவை வச்சுக் கண்டுபிடிக்கிற சி.பி.நாட் டெஸ்ட் தேசிய காசநோய்த் திட்டத்துல இலவசம். 2013-லயே உலக சுகாதார நிறுவனம் இதை முதுகுத் தண்ணிக்கும் பரிந்துரைச்சாச்சு. ஆனா நெகட்டிவ் வந்தா டி.பி இல்லைன்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது, ஏன்னா தண்ணியில கிருமி ரொம்பக் கம்மியா இருக்கும். அதனாலதான் பெரியவங்ககிட்ட குறைஞ்சது 6 மில்லியாவது வேணும்னு கேக்குறாங்க. சொந்தக்காரங்க கத்துறாங்கன்னு பயந்து 1 மில்லி எடுத்து அனுப்பிட்டு, 'ஒண்ணும் இல்ல'ன்னு ரிப்போர்ட் வாங்குறதுல யாருக்கு என்ன லாபம்?

அடுத்தது பெரியவங்க மறதி. இதைத்தான் நான் இன்னும் பெரிய அநியாயம்னு சொல்வேன். எழுபது வயசு தாத்தா தரையில காலு ஒட்டிக்கிட்ட மாதிரி தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குறாரு, மூத்திரம் அடக்க முடியலை, மறதி. "வயசாச்சுல்ல"ன்னு திண்ணையில உக்கார வச்சுடுறோம். கொஞ்சம் வசதி இருந்தா 'அல்சைமர்'னு நாமளே பேரு வச்சுடுறோம். இந்த மூணும் சேர்ந்து வர்ற ஒரு வியாதியை கொலம்பியா நாட்டு டாக்டர் சாலமன் ஹகீம் 1965-ல உலகத்துக்குச் சொன்னாரு. மூளை அறைகள்ல தண்ணி தேங்குற வியாதி. முதுகுல இருந்து 30-ல இருந்து 50 மில்லி தண்ணி எடுத்துட்டு, எடுக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்க விட்டுப் பாக்குறாங்க. நடை சீராச்சுன்னா குழாய் வச்சு தண்ணியை வயித்துக்குத் திருப்பி விடலாம். நடை தேறாட்டியும் அந்த வியாதி இல்லைன்னு ஆயிடாது, மேல பாக்கணும். குழாய்னதும் சொத்தை விக்கணுமேன்னு பதறாதீங்க. உத்தரப்பிரதேசம் ஷாஜகான்பூர்ல தயாராகுற சாப்ரா ஷன்ட்டு, வெளிநாட்டுக் குழாயோட ஒப்பிட்டா ரொம்ப மலிவு. உகாண்டாவுல குழந்தைங்களுக்கு ரெண்டையும் வச்சுப் பாத்து, பெரிய வித்தியாசம் இல்லைன்னு 2005-ல எழுதியிருக்காங்க. டெஸ்டும் மருத்துவமும் ஒரே ஊசியில ஆரம்பிக்கிற வியாதி இது. அதையும் 'தண்ணி எடுத்தா தாத்தா போயிடுவாரு'ன்னு தடுத்து, திண்ணையிலயே வச்சு சாகடிக்கிறோம்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருக்கு, அவங்களையும் விடக்கூடாது. 'ஞாபகசக்தி பேக்கேஜ்'னு எதையாவது விக்கிற லேப்காரங்க. அல்சைமர்ல தண்ணியில அமிலாய்டு புரதம் குறையும், டாவ் புரதம் ஏறும், அது நெசம். அமெரிக்காவுல எஃப்.டி.ஏ 2022 மே மாசம் அதுக்கு ஒரு தண்ணி டெஸ்டையும், 2025 மே மாசம் ஒரு ரத்த டெஸ்டையும் அனுமதிச்சாங்க. பார்க்கின்சன்ல சைனுக்ளின் புரதத்தைப் பெருக்கிப் பாக்குற தண்ணி டெஸ்ட், 1,123 பேர் கலந்துக்கிட்ட ஆய்வுல பார்க்கின்சன் நோயாளிங்கள்ல 88 சதவீதம் பேரைச் சரியாப் பிடிச்சதுன்னு 2023-ல லான்செட் நியூராலஜியில வந்துச்சு. ஆனா அது லூயி பாடி மறதி நோய்லயும் பாஸிட்டிவ் காட்டும், ரெண்டுலயும் குற்றவாளி ஒரே புரதம்கிறதால. மறதியே இல்லாதவருக்கு இதையெல்லாம் எடுத்து என்ன செய்யப் போறீங்க? இன்னொண்ணு, அமிலாய்டு சாதாரண டியூப் சுவத்துல ஒட்டிக்கும். பாலிபுரொப்பிலீன் டியூப்ல எடுக்கலைன்னா, ஒட்டினது போக மிச்சத்தை அளந்து 'குறைஞ்சிருக்கு, அல்சைமர்'னு ரிப்போர்ட் குடுத்துடலாம். டியூப் தப்பா இருந்ததுக்கு ஒருத்தருக்கு வாழ்நாள் தண்டனை. கேள்வி இருந்தாத்தான் டெஸ்ட்.

டாக்டருங்களுக்கும் ஒரு குத்து (உள்குத்து இல்ல, வெளிக்குத்துதான்). தண்ணியில சர்க்கரை 40 இருக்குன்னா கம்மியா சாதாரணமான்னு எப்படிச் சொல்வீங்க? அந்த நேரத்து ரத்தச் சர்க்கரையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு இருக்கணும். ரத்தத்துல 300 இருக்குற சுகர் பேஷன்ட்டுக்குத் தண்ணியில 80 இருந்தா அதுவே கம்மிதான். கூடவே ரத்தம் எடுக்காத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். அதே மாதிரி, தண்ணியில இருக்குற செல்லுங்க ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே உடைய ஆரம்பிச்சுடும். காலையில எடுத்துட்டு, வார்டு பாய் டீ குடிச்சுட்டு சாவகாசமா மத்தியானம் லேப்ல குடுத்தா, எண்ணுறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்? குத்து வாங்கினவரு சும்மா குத்து வாங்கினதுதான் மிச்சம். இந்த மாதிரி வீணாப் போன ரிப்போர்ட்டுங்கதான் 'எடுத்தும் ஒண்ணும் தெரியலையாம்'ங்கிற அடுத்த கதைக்கு விதை.

திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில தொறந்தாச்சு. அதுக்கு முன்னாடி நரம்பு வியாதின்னா மதுரைக்கு ஓடணும். இனிமே ஓட வேணாம்னு சும்மா சொன்னா பத்தாது. பென்சில் முனை ஊசி ஸ்டாக் இருக்கணும். சம்மதப் படிவம் தமிழ்ல, நாலே வரியில இருக்கணும்: எங்க குத்துறோம், எதுக்குக் குத்துறோம், தலைவலி வரலாம், வந்தா இன்னது செய்வோம். மறுக்குறவங்களுக்கு இன்னொரு வரி: தண்ணி எடுக்காம நாங்க குடுக்கப் போற மருந்து ஊகத்துல குடுக்குறது. இந்த ஒரு வரியைப் படிச்சுட்டு எத்தனை மாமாக்கள் மறுப்பாங்கன்னு பாத்துடலாம்.

பூட்டு ஊர்க்காரன்கிட்ட பூட்டைக் குடுத்தா முதல்ல சாவித் துவாரத்துல கண்ணை வச்சுத்தான் பாப்பான். எடுத்த எடுப்புல சுத்தியலைத் தூக்குறவனை கடைவீதியில நிக்க விட மாட்டாங்க. இதை நான் எங்க மாமாகிட்ட சொன்னதுக்கு, "அதைப் போன்ல சொல்லும்போதே இப்படிச் சொல்லிருக்கலாம்ல மாப்ள"ங்குறாரு. அவ்வ்வ்வ்...

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். மண்டைக்குள்ள பெரிய கட்டி இருந்து அழுத்தம் ஏறியிருந்தா தண்ணி எடுக்குறது ஆபத்து, மூளை கீழ பிதுங்கிடும். அதுக்குத்தான் சந்தேகம் இருந்தா முதல்லயே சி.டி எடுக்குறாங்க. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்குற மருந்து சாப்பிடுறவங்க கட்டாயம் முன்னாடியே சொல்லிடுங்க. குத்துற இடத்துல புண்ணு, கொப்புளம் இருந்தாலும் சொல்லுங்க.

டிஸ்கி 2: எடுத்ததுக்கப்புறம் ஒரு நாள் பூரா அசையாமப் படுக்கணும், லிட்டர் கணக்குல தண்ணி குடிக்கணும்னு சொல்றதால தலைவலி தடுக்கப்படுறதா ஆய்வுகள்ல தெரியலை. தலைவலி வந்து நாள் கணக்குல விடலைன்னா, உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த ஓட்டைக்குப் பக்கத்துல போட்டு அடைக்கிற வைத்தியம் இருக்கு. வீட்ல படுத்துக்கிட்டு ஊசியைத் திட்டாம, எடுத்த டாக்டர்கிட்டயே போய் அதைக் கேளுங்க.